சேலைத்துணி சுற்றிய ஸ்டியரிங்

என் பட்டறையின் பின்சுவரில் ஒரு பழைய ஸ்டியரிங் மாட்டியிருக்கிறது. இந்தக் காலத்து வண்டிகளில் இருப்பது போன்றது அல்ல. இரண்டு கைகளையும் அகல விரித்தால்தான் பிடிக்க முடியும், அவ்வளவு பெரியது. விளிம்பு மட்டும் ஒல்லி. கறுப்பு மேல்பூச்சு வெடித்து உள்ளிருக்கும் கம்பி தெரிகிற இடங்களில் சேலைத்துணியைக் கிழித்துச் சுற்றியிருக்கிறார்கள். அந்தத் துணி ஒரு காலத்தில் ஊதா நிறமாக இருந்திருக்க வேண்டும். வியர்வையும் உப்பும் எண்ணெயும் ஏறி இப்போது தோல் மாதிரி விறைத்துக் கிடக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதிதாக ஓட்டல் கட்டுகிறவர்கள் சிலர், அழகுக்குச் சுவரில் மாட்ட வேண்டும் என்று அதைக் கேட்டிருக்கிறார்கள். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டுக் குனிந்து வேலையைப் பார்ப்பேன். காரணம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு இரும்போடு பழகியவன். யார் வந்து பேசினாலும் என் முதுகோடுதான் பேசிவிட்டுப் போவார்கள். ஆனால் போன தை மாதத்திலிருந்து அந்த ஸ்டியரிங்கைப் பார்க்கும்போதெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. வாயால் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அது டிரைவர் அண்ணனுடைய லாரியில் இருந்தது. அவர் எனக்கு உறவில்லை. மரக்காணம் உப்பளத்தில் எல்லோரும் அவரை டிரைவர் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வீடு அனுமந்தையில். லாரி அவருடைய சொந்த வண்டி. முன்னால் மூக்கு நீண்ட அந்தக் காலத்து வண்டி, என்னைவிட வயதில் மூத்தது. ரோட்டில் பாரம் ஏற்றி ஓடும் தகுதி அதற்கு எப்போதோ போய்விட்டது. உப்பளத்துக்குள்ளேயே, பாத்திகளுக்கு நடுவில் போகிற மண்கரையில், வாரிக் காயவைத்த உப்பை ஏற்றிவந்து ரோட்டோரக் குவியலில் கொட்டுவதுதான் அதன் வேலை. இந்தக் கிழட்டு வண்டியை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். புது வண்டியை உப்பளத்துக்குள் விட யாருக்கு மனசு வரும். உப்பு இரும்பைத் தின்னும். இன்றைக்குப் பளபளப்பாக இருக்கிற தகடு நாலு வருஷத்தில் அப்பளம் போல உதிரும்.

அண்ணி எப்போதும் அந்த லாரியோடுதான் இருந்தார். கல்யாணமாகி வந்த புதிதில் பாத்தியில் உப்புக் கூடை சுமந்தவர். பிறகு அண்ணனோடு லாரியிலேயே போகத் தொடங்கினார். மதகுக்குப் பக்கத்தில் கரை ஒரு இடத்தில் சட்டென்று திரும்பும். ஒரு பக்கம் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், இன்னொரு பக்கம் பாத்தி. பாரத்தோடு வருகிற லாரி அந்தத் திருப்பத்தில் முன்னால் போய்ப் பின்னால் வந்து ஒடித்துத்தான் திரும்ப வேண்டும். அண்ணி முன்னாலேயே இறங்கி ஓடி, திருப்பத்தின் முனையில் மதகுக் கல்லை ஒட்டி நின்றுகொண்டு கையைக் காட்டுவார். "வா வா வா... ஒடி... நல்லா ஒடி... போதும் போதும், தூங்கிட்டியா?" என்று அவர் கத்துவது அடுத்த பாத்தி வரைக்கும் கேட்கும். அண்ணன் கண்ணாடியைப் பார்த்து நான் பார்த்ததே இல்லை. அந்தக் குரல் சொல்கிற பக்கம் ஸ்டியரிங் திரும்பும், அவ்வளவுதான். "லைசென்ஸ் என் பேர்ல, வண்டி ஓட்டுறது அவ" என்பார்.

அந்த வண்டி அத்தனை காலம் உயிரோடு இருந்ததற்குக் காரணம் ஐப்பசிக்கு முந்தின எண்ணெய் அடிப்பு. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை நிற்கும். உப்புக் குவியலுக்குக் கீற்று போட்டு மூடுகிற அதே நாட்களில் எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, இன்ஜினில் இருந்து இறக்கிய வேஸ்ட் ஆயிலைத் துணியால் தோய்த்து, இரும்பு என்று கண்ணில் பட்ட இடமெல்லாம் பூசுவார்கள். அடித்தட்டு, பட்டை, அச்சு, இன்ஜினை மூடியிருக்கிற மூக்கைத் திறந்தால் உள்ளே இருக்கிற எல்லாம். ஒரு விரல் இடம் விட்டுப்போனாலும் அங்கே உப்பு உட்கார்ந்துவிடும். எண்ணெய் படக்கூடாதது ஃபேன் பெல்ட் ஒன்றுதான். அதை முதலிலேயே கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிடுவார்கள். அண்ணன் வீட்டில் அது சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். மழை முடிந்து வண்டியை எடுக்கும்போது பெல்ட்டுக்கும் சேர்த்துத்தான் கற்பூரம் காட்டுவார்கள்.

அண்ணனுக்கு வலது தோள்பட்டை போகத் தொடங்கியது எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. பழைய ஸ்டியரிங் சும்மா திரும்பாது. பாரம் ஏற்றி, ஈர மண்ணில், வண்டி நின்ற இடத்தில் திருப்ப வேண்டுமானால் ஆள் சீட்டிலிருந்து எழுந்து நின்று உடம்பையே போட வேண்டும். வருஷக்கணக்கில் அப்படிப் போட்டதில் தோள் தேய்ந்துவிட்டது. சட்டை போடக்கூட அண்ணி உதவ வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் டிராக்டர்கள் உப்பளத்துக்குள் வரத் தொடங்கியிருந்தன. வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு இரண்டு பேரும் கூலிக்குக் கூடை தூக்கப் போக வேண்டியதுதான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் காலையில் அண்ணன் என் பட்டறைக்கு வந்து, நான் பற்றவைத்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"தம்பி, இப்ப வர்ற வண்டில எல்லாம் ஒரு விரல்ல திருப்புறாங்களே. அதை எனக்கு மாட்டிக் குடு."

நான் வண்டியைப் பார்த்தேன். அடியில் புகுந்து, முடியுமா முடியாதா என்று அளந்துகொண்டிருந்தேன்.

"கூலிக்குப் போறதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அவ வேற எவன் வண்டிக்காவது கை காட்டுறத நான் உக்காந்து பாக்கணுமா?" என்றார்.

பாண்டிக்குப் போகிற வழியில் வண்டி உடைக்கிற இடம் ஒன்றில், அடிபட்ட புது லாரி ஒன்றிலிருந்து பவர் ஸ்டியரிங் பெட்டி, பம்பு, ஸ்டியரிங் ராடு மூன்றையும் பார்த்து எடுத்துவந்தேன். எடுத்துவருவது சுலபம், மாட்டுவதுதான் பாடு. பழைய வண்டியில் ராடும் பெட்டியும் ஒரே துண்டு. டிரைவர் நெஞ்சிலிருந்து நேராகக் கீழே இறங்குகிற நீளமான ஒற்றைக் கம்பி. புதியதில் ராடு தனி, பெட்டி தனி. இடையில் மடங்குகிற இரண்டு மூட்டுகள். பழைய கம்பியை வெட்டிப் புதியதோடு பற்றவைத்துவிடு என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. ஸ்டியரிங் ராடில் நான் வெல்டிங் வைக்க மாட்டேன். எங்கேயாவது விட்டுப்போனால் வண்டி டிரைவர் கையில் இருக்காது. மூட்டு பொருந்துகிற மாதிரி கேபினில் ஓட்டையை இடம் மாற்றினேன். பெட்டியை உட்கார வைக்க வேண்டிய சேஸிஸ் பட்டை உள்பக்கம் செதில் செதிலாக வந்தது. சுத்தியலால் தட்டித் தட்டி நல்ல இரும்பு வரும் வரை சுரண்டி, இரண்டு பக்கமும் தடித்த பிளேட் கொடுத்து, நடுவில் போல்ட் முடுக்கினேன். பம்பு சுற்றினால்தான் ஸ்டியரிங் லேசாகத் திரும்பும். அதைச் சுற்ற இன்ஜின் புல்லியில் பெல்ட் உட்காரும் காடி ஒன்று கூடுதலாக இருந்தது. அதிலிருந்து இன்னொரு பெல்ட் போட்டேன். ஃபேன் பெல்ட்டுக்குக் கீழே, உள்தள்ளி, கறுப்போடு கறுப்பாக அது கிடந்தது.

முதல் தடவை ஸ்டார்ட் செய்து அண்ணன் ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினார். சக்கரம் வலது பக்கம் போனது. வலது பக்கம் திருப்பினார், இடது பக்கம் போனது. நான் பெட்டியை மாட்டிய வாட்டம் தப்பு. எனக்கு முகம் சிவந்துவிட்டது. அண்ணன் மட்டும் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். "ஏம்பா, இது எங்க வூட்ல இருக்குற மாதிரியே இருக்குதே. ஒண்ணு சொன்னா ஒண்ணு செய்யுது." கீழே நின்ற அண்ணி, "நான் போற பக்கம்தான் நல்ல வழி, அதுக்கும் அது தெரிஞ்சிருக்குது" என்றார். பெட்டியைக் கழற்றித் திருப்பி மாட்டி, எண்ணெய் ஊற்றி உள்ளிருந்த காற்றை வெளியேற்றி, மறுபடியும் ஸ்டார்ட் செய்தபோது அந்தப் பெரிய வண்டி எருமைக்கன்று தலையைத் திருப்புவது போலத் திரும்பியது. அண்ணன் ஒற்றைக் கையால், அதுவும் வலியுள்ள கையால், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பழைய ஸ்டியரிங்கைப் புது ராடில் மாட்டிக் கொடு என்று அண்ணன் கேட்டார். அண்ணி துணி சுற்றியது, கைக்குப் பழகியது. ஆனால் ராடு முனையின் பல் வெட்டு அதற்குப் பொருந்தவில்லை. புதியதோடு வந்த சின்ன ஸ்டியரிங்தான் பொருந்தியது. "அப்ப இதை உன்கிட்டயே வச்சிரு தம்பி. வீட்ல இடமில்ல" என்றார். போகும்போது, அண்ணி கேபினில் ஏறிவிட்ட பிறகு, மூக்கைத் திறந்து அண்ணனிடம் இரண்டாவது பெல்ட்டைக் காட்டினேன். நான் அதிகம் பேசாதவன் என்றாலும் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதில்லை. "மழைக்கு நிறுத்தும்போது இதையும் கழட்டி வச்சிடுங்கண்ணா. எண்ணெய் பட்டா ஊறிப்போயிடும். பாரத்துல திருப்பும்போது வழுக்கும்." அவர் விரலால் அதைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

அந்த வருஷம் உப்பு வாரிய காலம் முழுவதும் அவர்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பட்டறையைத் தாண்டிப் போகிறபோது எல்லாம் அண்ணன் வண்டியிலிருந்து ஒரு விரலை உயர்த்திக் காட்டுவார். மழை வந்தது. வண்டி வீட்டுக்குப் பின்னால் நின்றது. மழை போய், பாத்தி கட்டி, தண்ணீர் விட்டு, முதல் உப்பு வாரினார்கள்.

அன்றைக்கு நான் அங்கே இல்லை. பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரியும். காலி வண்டியாக உள்ளே போகும்போது எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. பாரம் ஏற்றித் திரும்புகையில் அண்ணி வழக்கம் போல முன்னால் ஓடி மதகுக் கல் பக்கத்தில் நின்றார். "ஒடி, ஒடி" என்று கத்தினார். பாதி ஒடித்த நிலையில் ஸ்டியரிங் இறுகிவிட்டது. பழைய ஸ்டியரிங் கனமாக இருக்கும், ஆனால் எப்போதும் ஒரே கனம். அதன் அகலத்துக்கு உடம்பைப் போட்டு இழுத்துவிடலாம். இது அதுவரை பஞ்சு போலத் திரும்பிக்கொண்டிருந்துவிட்டு நடுவில் கல்லானது. சின்ன வட்டத்தில் பிடித்து இழுக்கவும் இடமில்லை. பிரேக்கைப் போட்டும் ஈரக்கரை சறுக்கியது. முன்சக்கரம் கரை விளிம்பை உடைத்துக்கொண்டு இறங்கியது. அண்ணியின் இடது கால் வண்டிக்கும் மதகுக் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. காலை எடுக்க வேண்டியதில்லை என்று பாண்டி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் அந்தக் கால் மடங்காமல் கட்டையாகிவிட்டது. ஊர் முழுக்க ஒரே பேச்சுதான். "டிரைவருக்குக் கை வரல. வீம்புக்கு ஓட்டினாரு." அண்ணனும் அதையே சொன்னார். திருப்பும்போது தோளில் ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது என்றார். கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வண்டியைக் கரையேற்ற என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மூக்கைத் திறந்து பார்த்தேன். ஃபேன் பெல்ட் உலர்ந்து சுத்தமாக இருந்தது. ஆணியிலிருந்து எடுத்து மாட்டியது. அதற்குக் கீழே இரண்டாவது பெல்ட் எண்ணெயில் ஊறி உப்பி, பக்கவாட்டில் பிசிறு பிசிறாக மினுங்கிக்கொண்டிருந்தது. புல்லியின் காடியிலும் எண்ணெய். அதன் பக்கத்து இரும்பிலெல்லாம் துணியால் அழுத்தித் தேய்த்த கோடுகள். அவ்வளவு அக்கறையாகப் பூசியிருந்தது. நான் அங்கேயே பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணனுக்குக் கை போகவில்லை. பம்புதான் சுற்றவில்லை.

இதைச் சொல்வதா வேண்டாமா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. சொன்னால் அவருக்குக் கை திரும்பக் கிடைக்கும். ஆனால் தேய்ந்துபோன கைமேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது, எண்ணெய் பூசிய கைமேல் சொல்லலாம். கடைசியில் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். தன் கையைத் தானே சந்தேகப்படுகிறவரை அப்படியே விட எனக்கு மனசில்லை. வெளியே டீக்கடையில் நின்றோம். குனிந்த தலை நிமிராமல் சொன்னேன்.

"அண்ணா, உங்க கை நல்லாதான் இருந்துச்சி. கீழ் பெல்ட்டுல எண்ணெய். வழுக்கியிருக்குது."

"ரெண்டாவதுலயா?" என்றார். நான் தலையாட்டினேன். அண்ணி படுத்திருந்த கட்டிடத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வலது கையில் இருந்த டீ கிளாஸை மெதுவாக இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"கை வரலன்னே இருக்கட்டும் தம்பி. இதை அவகிட்ட சொல்லிடாத. எந்தக் காலத்துலயும் சொல்லிடாத."

நான் சரி என்றேன். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. படித்துப் படித்துச் சொன்னதை மறந்துவிட்டு, அது பெண்டாட்டிக்குத் தெரியக்கூடாது என்கிறாரே, இவ்வளவுதானா இந்த மனுஷன் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு அண்ணன் அந்த வலது கையை உபயோகித்து யாரும் பார்த்ததில்லை. வண்டி காயலான் கடைக்குப் போய்விட்டது. சாப்பாடு கூட ஸ்பூன் வைத்து இடது கையால். சாயங்காலத்தில் அந்தப் பக்கம் போனால், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்க, அண்ணி பக்கத்தில் மடங்காத காலை நீட்டி உட்கார்ந்து அவர் தோளுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார். "போன கை போனதுதான். விடு" என்பார் அண்ணன். "உன் கை பண்ண வேலைக்கு நான் உன்னை அடிக்கணும், தேய்ச்சிக்கிட்டு இருக்கிறேன் பாரு" என்பார் அண்ணி. அதில் கோபம் இருக்காது. அண்ணன் என் முகத்தைப் பார்க்க மாட்டார். நானும் அவரைப் பார்க்க மாட்டேன். எந்தக் கையையும் ஆட்டாமல் வைத்திருந்தால் அது இறுகித்தான் போகும். கடைசியில் அந்தக் கை உண்மையாகவே தூக்க வராமல் போய்விட்டது. சில வருஷம் கழித்து, கோடைக்கு முன்னால் ஒரு நாள் மார்வலி வந்து இறந்தபோது, குளிப்பாட்டுகிறவர்கள் அந்தக் கையை நீட்ட முடியாமல் சிரமப்பட்டார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன தை மாதம் அண்ணி ஒரு கதவுக் கீலைப் பற்றவைக்க எடுத்துக்கொண்டு தடி ஊன்றிப் பட்டறைக்கு வந்தார். நான் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது பின்சுவரைப் பார்த்துவிட்டார். நடந்து போய் அந்தத் துணியைத் தொட்டார்.

"என் சேலைதான் தம்பி. இன்னும் இருக்குதா இது?"

நான் கழற்றிக் கையில் கொடுத்தேன். பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். வட்டத்தைச் சுற்றிச் சுற்றித் தடவினார். வண்டியைப் பற்றிப் பேசினார். அதை நிறுத்தியிருந்த இடத்தில் இப்போது ஆட்டுக்கொட்டகை போட்டிருக்கிறதாம். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

"கடைசி வருஷம் எண்ணெய் அடிச்சது நான்தான், தெரியுமா? அவரு குனிஞ்சி அடிக்க முடியாம தோள்வலில படுத்துட்டாரு. சொல்லாம கொள்ளாம நானே பண்ணிட்டேன். பெல்ட்டைக் கழட்டி ஆணில மாட்டிட்டு, ஒரு இடம் விடல தம்பி. நீ புதுசா மாட்டினதுக்கெல்லாம் இன்னொரு தடவை சேத்து அடிச்சேன். அத்தனை கஷ்டப்பட்டு மாட்டுனியே, உப்பு தின்னுடக் கூடாதுன்னு."

எனக்கு வெல்டிங் கண்ணாடியை முகத்துக்கு இறக்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. "ரெண்டாவதுலயா" என்று கேட்டுவிட்டு அண்ணன் அந்தக் கட்டிடத்தைப் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. அவர் மறைத்தது தன்னுடைய தப்பை என்று இத்தனை வருஷம் நினைத்திருக்கிறேன். அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் யாரும் அனுமந்தைப் பக்கம் போய்ப் பேசிவிடக் கூடாதே என்ற பயமும் இருக்கிறது.

"அவரு கைதான் ஏமாத்திடுச்சி. வண்டி மேல குத்தம் இல்ல" என்று அண்ணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ கரையேத்தினப்ப மூக்கைத் தொறந்து பாத்திருப்பியே தம்பி. நல்லாத்தானே அடிச்சிருந்தேன்?"

"ஆமா அண்ணி" என்றேன். "எங்கயுமே துரு இல்ல."

அவருக்குத் திருப்தியாக இருந்தது. தடியை ஊன்றி எழுந்தார். ஸ்டியரிங்கை எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்றார். அவர் ரோட்டைத் தாண்டும் வரை வாசலில் நின்று வண்டிகளைக் கை காட்டி நிறுத்தினேன். உள்ளே வந்து அதைப் பழைய ஆணியில் மாட்டினேன். அவர் தடவிய இடத்தில் துணி கொஞ்சம் இளகி, ஊதா நிறம் தெரிந்தது.